சத்தத்தை அணைத்துவிட்டு வாங்கிய டிவி

ஒரே அம்மாள் இரண்டு பெட்டிக்குள் உட்கார்ந்து ஒரே செய்தியை வாசித்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கப் பெட்டியில் அவர் ரோஜாப்பூ நிறம். வலது பக்கப் பெட்டியில் மாநிறம். இடது பக்கத்தில் அவருடைய சேலை கிளிப்பச்சை. வலது பக்கத்தில் அதே சேலை நேற்றுப் பறித்த வாழை இலை போலக் கொஞ்சம் வாடியிருந்தது.

இடம், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு டிவி கடை. விளக்கு வைக்கிற நேரம். புதுப் பெட்டிகளைப் பிரித்த தெர்மாகோல் வாசமும் சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தி வாசமும் கலந்து அடித்தன.

"அண்ணாச்சி, கண்ணை மூடிக்கிட்டு இடது பக்கத்தை எடுங்க" என்றார் விற்பனை செய்கிற தம்பி.

"கண்ணை மூடிக்கிட்டு டிவி வாங்கச் சொல்லுதீரே வே, அப்ப ரேடியோ வாங்கிட்டுப் போயிருவோமே" என்றார் என்னோடு வந்திருந்த சுப்பையா அண்ணாச்சி. மில்லில் எனக்கு மூத்த தொழிலாளி. டிவி விஷயத்தில் தன்னைவிடத் தெரிந்தவர் ஜில்லாவிலேயே கிடையாது என்பது அவருடைய எண்ணம்.

தம்பி அசரவில்லை. "ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் பாத்தீங்களா? சத்தம் இடி மாதிரி விழும்."

"சத்தம் வேண்டாம் தம்பி" என்றேன் நான். "சத்தத்தை அணைச்சிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிள்ளைகளே, அவர் அப்படிப் பார்த்ததில் தப்பில்லை. நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று உங்களுக்கும் தெரியாது. அதனால் அவரைக் கொஞ்ச நேரம் கடையிலேயே நிற்க வைத்துவிட்டு, நாம் மலையடிவாரம் வரை போய் வருவோம்.

தறிக்கூடத்து வாய்

நான் எட்டாவது வரை படித்தவன். கல்லிடைக்குறிச்சியில் வீடு, மலையடிவாரத்து மில்லில் நெசவுப் பிரிவில் வேலை. வரிசை வரிசையாகத் தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் கத்துவதில்லை. சத்தமே இல்லாமல் வாயை அகலத் திறந்து, உதட்டைக் குவித்து, புருவத்தையும் சேர்த்து ஆட்டிப் பேசுவோம். 'டீ குடிக்கலாமா' என்று கேட்பதற்குள் கன்னம் வலித்துவிடும்.

என் மகள் இசக்கியம்மாளுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. டாக்டர் அதைச் சொன்ன அன்று என் மனைவி சண்முகத்தாய் அழுத அழுகை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அவ்வளவு பயம் வரவில்லை. காது கேட்காத இடத்தில் எப்படிப் பேசுவது என்று எனக்குத்தான் தெரியுமே!

அப்படியே பேசினேன். அவளும் என் வாயைப் பார்த்தே வளர்ந்தாள். கோயில் கொடைத் திருவிழாவில் மேளச் சத்தத்துக்கு நடுவே அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று, கூட்டத்தைத் தாண்டி, 'பசிக்குதா', 'சவ்வுமிட்டாய் வேணும்' என்று பேசிக்கொள்வோம். பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அவளைத் திருநெல்வேலியில் ஒரு சிறப்புப் பள்ளியில் விடுதியில் விட்டுப் படிக்க வைத்தோம். அங்கே எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. முழுப் பரீட்சை லீவுக்கு அவளை அழைத்துவரப் போன அன்று அவளுடைய டீச்சர் என்னை உட்கார வைத்துக் கேட்டார்.

"உங்க வீட்டுல வாயை இப்படிக் கோட்டை வாசல் மாதிரி திறந்து பேசுதது யாரு?"

"நான்தான் டீச்சர்." பாராட்டப் போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.

"ஊருல வேற யாராவது அப்படிப் பேசுதாங்களா? இவளுக்கு உங்க வாய் புரியுது, என் வாய் புரியுது. கடைக்காரன் வாய் புரியல. பஸ்ல பக்கத்துல இருக்க பொம்பளை வாய் புரியல. எல்லாரும் உதட்டைப் பாதிகூடத் திறக்காமத்தான பேசுதாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நான் மகளுக்கு மொத்த ஊரின் வாயையும் காட்டவில்லை, தறிக்கூடத்தின் வாயை மட்டும் காட்டி வளர்த்திருக்கிறேன்.

ஜூன் மாதம் வரை தவணை

ஒன்பதாம் வகுப்புக்கு இசக்கி சாதாரணப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் முன்பே போய்க் கேட்டிருந்தேன். தலைமையாசிரியை நல்லவர். ஆனால் ஜாக்கிரதையானவர்.

"ஜூன்ல கூட்டிட்டு வாங்க. நான் அவகிட்டப் பேசிப் பாக்கேன். நான் பேசுதது புரிஞ்சா சேத்துக்கிடுதேன். புரியலேன்னா, இங்கன வந்து அவ சும்மா உக்காந்திருக்கதுல யாருக்கு என்ன லாபம்?"

சேர்க்கவில்லை என்றால் வீட்டில் அவளுடைய அம்மாவோடு அப்பளம் போட வேண்டியதுதான். அப்பளம் போடுவது எங்கள் ஊரில் கௌரவமான வேலை. சண்முகத்தாய் போட்டுத்தான் பாதிக் குடும்பம் ஓடியது. ஆனால் இசக்கி பத்தாவது படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதிமூன்று வயதுப் பிள்ளை ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்கும்போது, அது என்னால் கெட்டுப்போகக் கூடாது அல்லவா?

டீச்சரிடம் வழி கேட்டேன். அவர் இரண்டு வழி சொன்னார்.

"ஒண்ணு, அந்த மீசையைக் குறைங்க. மேல் உதடு இருக்கா இல்லையான்னே தெரியல. ரெண்டு, ஒரு டிவி வாங்கி தினமும் தமிழ்ச் செய்தி பாக்க வைங்க. செய்தி வாசிக்கவங்க தலையை ஆட்ட மாட்டாங்க. நேரா நம்ம முகத்தைப் பாத்துப் பேசுவாங்க. எல்லாம் தெரியாத முகம். அவளுக்கு வேண்டியது அதுதான்."

மீசையை அன்றே எடுத்தேன். மறுநாள் மில் வாசலில் சுப்பையா அண்ணாச்சி, "என்ன வே, மீசையை வீட்டுல வச்சிட்டு மறந்து வந்துட்டீரா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "டிவி வாங்க நானும் வருதேன். உம்மை ஏமாத்திப்புடுவான்" என்றார்.

அப்படித்தான் நான், சண்முகத்தாய், இசக்கி, அண்ணாச்சி என்று நாலு பேரும் அந்தக் கடையில் போய் நின்றோம்.

உதட்டுச் சாயம் வழியுது

தம்பி ஒருவழியாகச் சத்தத்தை அணைத்தார். பக்கத்தில் இன்னொரு பெட்டியில் பாட்டு கேசட் ஓடிக்கொண்டிருந்தது. இசக்கி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் சட்டையை இழுத்தாள். அவளுக்குக் குரல் மூக்கில் வரும். பழகாதவர்களுக்குப் பாதிதான் விளங்கும்.

"இவங்க பாடலப்பா. சும்மா வாயசைக்காங்க. வேற யாரோ பாடுதாங்க."

கடைத் தம்பிக்கு நான் எடுத்துச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அதெப்படிக் கண்டுபிடிச்சா?" என்றவர், அதன் பிறகு விற்பனைப் பேச்சைக் குறைத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்துவிட்டார்.

செய்தி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் இல்லை. இசக்கி இடது பக்கப் பெரிய பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். சண்முகத்தாய் அவள் தோளைத் தட்டி, "என்ன சொல்லுதாங்கட்டி?" என்று கேட்டாள்.

"அணை... தண்ணி... அப்புறம் தெரியல." இன்னும் கிட்டே போனாள். பிறகு தன் உதட்டைக் கையால் துடைத்துக் காட்டினாள். "செவப்பு வெளிய வருது. உதட்டுச் சாயம் வழியுதுப்பா."

நானும் குனிந்து பார்த்தேன். மெய்தான். சாயம் நிற்காத நூலில் நெய்த துணியை நனைத்தால் சிவப்பு பக்கத்து இழைக்குப் பரவுமே, அதே போல அந்த அம்மாளின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு வெளியே பரவி நின்றது. தூரத்தில் நின்று பார்த்தால் பளபளப்பு. கிட்டே போனால் வாய் எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

"கலரைக் கூட்டி வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்று தம்பி தலையைச் சொறிந்தார். "கடைக்குள்ள வந்ததும் கண்ணுல பளிச்சுன்னு விழணும்லா."

குறைத்தார். கொஞ்சம் தேவலை. ஆனாலும் அந்தப் பெட்டியில் சிவப்பு முழுவதும் அடங்கவில்லை.

வலது பக்கச் சின்னப் பெட்டிக்கு இசக்கி நகர்ந்தாள். அதில் ஸ்பீக்கர் ஒன்றுதான். பார்க்கவும் பெரிய அழகில்லை. ஆனால் அவள் வாயிலிருந்து தொடர்ச்சியாக நாலைந்து சொற்கள் வந்தன. தம்பி சட்டென்று சத்தத்தைத் திறந்து பார்த்தார். தென் மாவட்டங்களில் மழை என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். இசக்கியும் அதைத்தான் சொல்லியிருந்தாள். ஒரு சொல் மட்டும் இடித்தது.

"யம்மா!" என்றார் சுப்பையா அண்ணாச்சி.

அவள் அதோடு நிற்கவில்லை. கடை மூலையில் பழுது பார்க்க வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி, அதே செய்தியைக் காட்டிக்கொண்டு கேட்பாரில்லாமல் கிடந்தது. இசக்கி எழுந்து போய் அதன் முன்னால் நின்றாள். நின்ற இடத்திலேயே குழாயைத் திறந்துவிட்டது போல ஒரு முழு வாக்கியம் சொன்னாள்.

சண்முகத்தாயின் முகம் வாடிவிட்டது. கலர் டிவியில் ஒரு சேலையையாவது அதன் நிறத்தில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய வெகு நாள் ஆசை. ஆனால் சுப்பையா அண்ணாச்சிதான் கூப்பாடு போட்டார்.

"கறுப்பு வெள்ளையா? எம்மா தாயே, பந்து எது தரை எதுன்னு தெரியாம நான் எப்படிக் கிரிக்கெட் பாக்க?"

"நாங்க உங்க வீட்டுக்கா வாங்குதோம் அண்ணாச்சி?" என்றாள் சண்முகத்தாய்.

கடைத் தம்பி யோசித்தார். வலது பக்கப் பெட்டியின் கலரைப் பையக் குறைத்துக்கொண்டே வந்து அடியோடு இறக்கினார். படம் கறுப்பு வெள்ளையானது. உதட்டின் விளிம்பு கோடு போட்டது போலத் தெளிந்தது. இசக்கி ஓடிவந்து பார்த்தாள். படித்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப செய்திக்குக் கறுப்பு வெள்ளை, மத்ததுக்கு எல்லாம் கலர்" என்றாள் சண்முகத்தாய். "இதையே கட்டிக் குடுங்க தம்பி."

இடது பக்கப் பெட்டிக்குக் கூடுதலாகக் கேட்ட விலையில் பாதி அந்த ஸ்பீக்கர்களுக்கு. யாருக்காக டிவி வாங்குகிறோமோ அவளுக்கு வேண்டாத சத்தத்துக்கு நாம் எதற்குக் கொடுக்க வேண்டும்?

எல்சிடியா, பிளாஸ்மாவா?

இதை இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் நினைத்தேன் என்றால், போன மாதம் அடுத்த வீட்டுத் தம்பி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டான். சுவரில் மாட்டுகிற டிவி வாங்கப் போகிறானாம். எல்சிடி நல்லதா, பிளாஸ்மா நல்லதா என்று. எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? "கடைக்குப் போவோம், சத்தத்தை அணைச்சிட்டுப் பாப்போம்" என்றேன்.

போய்ப் பார்த்தோம். பிளாஸ்மாவில் கறுப்பு நல்ல கறுப்பாக இருந்தது. ஆள் வேகமாகப் பேசினாலும் வாய் இழுபடவில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் அதே நிறம். ஆனால் கடை வாசல் வெளிச்சம் அதன் கண்ணாடியில் விழுந்து, செய்திக்குள் ஒரு சைக்கிள் போனது. கையை வைத்தால் சூடு. கரண்டும் அதிகம் தின்னும் என்றார்கள்.

எல்சிடி பகல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிந்தது. எடை குறைவு, கரண்டும் குறைவு. ஆனால் பந்து ஓடினால் பின்னால் ஒரு வால் ஓடியது. ஓரத்தில் நின்று பார்த்தால் கறுப்பு சாம்பலாக வெளுத்தது.

அவன் வீட்டில் ஜன்னல் பெரிது, பகலெல்லாம் டிவி ஓடும். அதனால் எல்சிடி வாங்கினான். கதவைச் சாத்திக்கொண்டு சினிமா பார்க்கிறவனாக இருந்தால் பிளாஸ்மாவை எடுக்கச் சொல்லியிருப்பேன். பிள்ளைகளே, நாளைக்கு வேறு பெயரில் வேறு பெட்டி வரும். அப்போதும் கடையில் தெரிகிற படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் வீட்டில் யார், எங்கே உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்புவோம்.

கலர் எங்கே போச்சு?

கடையில் தெரிந்த படம் எங்கள் வீட்டில் தெரியவில்லை. மேற்கே மலை. வருகிற படம் ஒன்று, மலையில் மோதித் திரும்பி வருகிற படம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து விழுந்ததில் ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் ஒரு நிழல் வாய். இசக்கி முகத்தைச் சுளித்தாள்.

மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினேன். மற்ற வீடுகளில் என்றால் மேலே இருந்து "தெரியுதா?" என்று கத்துவார்கள், கீழே இருந்து "இல்ல, இன்னும் கொஞ்சம்!" என்று கத்துவார்கள். எங்கள் வீட்டில் இசக்கி உள்ளே ஓடிப் பார்ப்பாள், முற்றத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து வாயசைப்பாள். நான் மேலே இருந்து வாயசைப்பேன். அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "ஏளா சண்முகத்தாயி, உங்க வீட்டுக்காரர் மாடியில நின்னு யாருக்குப் பழிப்புக் காட்டுதாரு?" என்று கேட்டாள்.

ஒருவழியாக நிழல் வாய் போனது. ஆவுடையம்மாளே மறுநாள் செய்தி நேரத்தில் உள்ளே வந்து டிவியைப் பார்த்துப் பதறிப்போனாள். "புதுப் பெட்டி! ஒரே நாள்ல கலர் போயிட்டா?"

"போகலக்கா. செய்தி முடியட்டும், வந்துரும்" என்றாள் சண்முகத்தாய், அப்பள மாவை உருட்டிக்கொண்டே.

பழக்கம் இப்படித்தான் நடந்தது. தொடக்கத்தில் தலைப்புச் செய்தி வாசிக்கும்போது சத்தம் இருக்காது. இசக்கி பார்த்துச் சொல்வாள். முடிவில் அதே தலைப்புகளை மீண்டும் ஒருமுறை வாசிப்பார்கள் அல்லவா, அப்போது சத்தத்தைத் திறந்து, அவள் சொன்னது சரியா என்று சண்முகத்தாய் பார்ப்பாள்.

முதல் சில நாட்கள் 'வணக்கம்' தவிர ஒன்றும் தேறவில்லை. மீசை வைத்த ஒருவர் வாசிக்க வந்தால் அன்றைக்கு வகுப்பே கிடையாது, எழுந்து போய்விடுவாள். மே மாதம் பாதி போன பிறகு ஒரு நாள் பெட்டியை அணைத்துவிட்டு, "நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகல. இவங்க எல்லாரும் வேகமா பேசுதாங்க" என்று முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள்.

நான் அவளை எழுப்பி, ஆறுதலாகப் பேசினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எப்பா, முதல்ல நீ சின்னதா பேசு. நீ இப்படிப் பேசுனா எனக்கு எப்படிப் பழகும்?"

நான் அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்லும்போதும் தறிக்கூடத்து வாயில்தான் பேசியிருக்கிறேன்! அன்றிலிருந்து வீட்டில் வாயைச் சுருக்கிப் பேசப் பழகினேன். பிள்ளைகளே, அது அவ்வளவு எளிதல்ல. பழகிய பழக்கம் மில்லுக்கும் கூடவே வந்துவிட்டது. அங்கே நான் சொல்வது ஒருவருக்கும் புரியாமல், சுப்பையா அண்ணாச்சி தறியை நிறுத்திவிட்டு வந்து, "என்ன வே முனங்குதீரு?" என்று சண்டை போட்டார்.

ஆனால் இசக்கி மறுநாள் மறுபடி டிவி முன்னால் உட்கார்ந்தாள். சொல்லுக்குச் சொல் பிடிக்கிறதை விட்டாள். பாதியைப் பார்த்து மீதியை ஊகித்தாள். தப்பு வந்தால் தானே சிரித்தாள். சிரிக்கத் தொடங்கியதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சாரல் விழுந்த காலை

ஜூனில் பள்ளி திறந்தார்கள். அன்றைக்குச் சாரல். தலைமையாசிரியை அறை வாசலில் போட்டிருந்த சாக்கு நனைந்து ஊறிக் கிடந்தது. இசக்கி புதுப் பாவாடையின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தலைமையாசிரியை பெயர் கேட்டார், ஊர் கேட்டார், எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டார். இசக்கி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு பதில் அவருக்கு விளங்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். "நீங்க சொல்லாதீங்க" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். இசக்கி மறுபடி நிதானமாகச் சொன்னாள். கணக்கு.

அவர் தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை. அலமாரிப் பக்கம் நின்ற இன்னொரு டீச்சரை அருகே கூப்பிட்டு, எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று குரலை மிகவும் தாழ்த்தி ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டின் மேல் சாரல் விழுகிற சத்தம்தான் கேட்டது. அந்த டீச்சர் உதட்டைப் பிதுக்கினார்.

அப்போது இசக்கி யாரும் கேட்காமலே பேசினாள்.

"அப்ப நான் பக்கத்துல இருக்கவ நோட்டைப் பாப்பேன் டீச்சர்."

இருவரும் திரும்பினார்கள். தலைமையாசிரியை என்னிடம், "நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க டீச்சர்" என்றேன். சத்தியமாகக் கேட்கவில்லை.

அவர் என்ன சொன்னார் என்று பிறகுதான் தெரிந்தது. 'நாம போர்டுப் பக்கம் திரும்பி எழுதிக்கிட்டே பாடம் சொல்லுவோமே, அப்ப நம்ம வாய் தெரியாதே, இந்தப் புள்ள என்ன செய்யும்?' என்று கவலைப்பட்டிருக்கிறார்.

அலமாரிப் பக்கத்து டீச்சர்தான் முதலில் சிரித்தார். "மத்த புள்ளைகளும் அதைத்தான் செய்யுது, இவ சொல்லிட்டுச் செய்யுதா" என்றார்.

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. எழுந்து மேஜையைச் சுற்றி வந்து இசக்கியின் முன்னால் நின்றார். இந்த முறை என்னைப் பார்க்காமல், அவளைப் பார்த்தே பேசினார். வாயைப் பெரிதாகத் திறக்கவும் இல்லை.

"திங்கக்கிழமை வா. முன் பெஞ்சு. போர்டுல எழுதும்போது பேசக் கூடாதுன்னு நான் டீச்சர்மார்கிட்டச் சொல்லுதேன். உனக்கு ஒண்ணு புரியலேன்னா புரிஞ்ச மாதிரி தலையாட்டக் கூடாது. சரியா?"

"சரி டீச்சர்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் நான். பக்கத்தில் இசக்கி. ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது. கீழே கலங்கலாகப் புதுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. கண்டக்டர் வந்து நின்று, "எங்கன போகணும்?" என்று கேட்டிருக்கிறார். மறுபடியும் கேட்டிருக்கிறார். நான் ஆற்றையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"கல்லிடை. ரெண்டு" என்று இசக்கி இரண்டு விரலைக் காட்டியிருக்கிறாள்.

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர் அவள் பக்கம் குனிந்து சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

"ஏன் பாப்பா, உங்கப்பாவுக்குக் காது கேக்காதோ?"

இசக்கி அவர் வாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பதில் சொன்னாள்.

"கேக்கும் அண்ணாச்சி. இன்னைக்கு மட்டும்தான் கேக்கல."